எனக்கு இனிமேல் விசா கிடைக்காது

மகனுக்கு,

நீ அனுப்பிய அழைப்புக் காகிதம் போன மாதமே வந்து சேர்ந்தது. உங்கள் ஊர் மேரியில், அந்த நகராட்சி ஆபீசில், முத்திரை வாங்கி, மூன்று மாதத்துக்கு என் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நீயே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை விசா ஆபீசுக்குப் போனேன். விசா கிடைக்கவில்லை. இனிமேலும் கிடைக்காது. கிடைக்கவே கூடாது என்று, சொல்ல வேண்டியதையெல்லாம் நானே அங்கே சொல்லிவிட்டு வந்தேன். திகைக்காதே. மேலே படி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ எங்கே என்னைப் பேச விடுகிறாய்? நான் வாயைத் திறந்தால் "சரிம்மா, சரிம்மா, கார்டு முடியப் போவுது" என்பாய். கடிதத்தை உன்னால் நடுவில் வெட்ட முடியாது. ரேணுகாவிடம் பாதியில் கொடுக்காதே. அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். நீ முழுதும் படித்துவிட்டு, உன் வாயாலேயே உன் பெண்டாட்டிக்குச் சொல். எதையும் விழுங்காமல் சொல். உனக்கு விழுங்கிப் பழக்கம் அதிகம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன்னுடையதற்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரன் நம் ஊரை விட்டுப் போன சமயத்தில், அவன் நாட்டுப் பிரஜையாக இருக்க விரும்புகிறவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். உன் தாத்தா, "அவனே மூட்டையக் கட்டிட்டான், நமக்கு எதுக்கு அவன் காயிதம்" என்று இருந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் போய்ப் போட்டுவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போய், பென்ஷனோடு திரும்பி, மாடி மேல் மாடி கட்டினார்கள். உங்கள் அப்பா பஞ்சாலையில் இருமி இருமிச் செத்தார். நான் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி ஒட்டப் போனேன். இருபது வருஷம் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் உனக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணாகத் தேடினேன். ரேணுகாவின் அப்பா பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் வீட்டு வாசலில் நான்கு தடவை போய் நின்றேன். நாலாவது தடவைதான் உட்காரச் சொன்னார்கள். "பொண்ணுக்கு நம்மளப் புடிச்சிருக்கான்னு கேட்டியாம்மா?" என்று நீ கேட்டாய். "புடிப்பு என்னாடா புடிப்பு? மொதல்ல பாஸ்போர்ட்டப் பாரு" என்றேன். அப்படிச் சொன்ன வாய் இது. ஒரு காரியத்துக்காகக் கட்டி வைத்த கல்யாணம் கடைசிவரை காரியமாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உன் பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கும் காலம் வந்தால் இதை நினைத்துக்கொள்.

இன்னொரு தப்பும் உண்டு. அது யாருக்கும் தெரியாது, உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உங்கள் அப்பா செத்துப்போன வருஷம் உன் தங்கச்சி தேவிக்கு ஒன்றரை வயது. ஷிப்ட் மாறி வரும் நாட்களில் அவளை யாரிடமும் விட வழியில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்துவேன். மறுநாள் உன் வாத்தியாருக்கு லீவ் லெட்டர் எழுதித் தருவேன். ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை வயிற்றுப்போக்கு, ஒரு தடவை காமாலை என்றுகூட எழுதினேன். காமாலைக்காரன் மூன்றே நாளில் எப்படித் தேறினான் என்று வாத்தியார் கேட்டதாக வந்து சொல்லி நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். நல்லா இருக்கிற உடம்பை நோய் என்று எழுதினால் வேண்டிய காரியம் நடக்கும் என்பதை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அந்தத் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீ தெரு முனையில் எனக்காக நின்றதெல்லாம் நினைவிருக்கிறது. அதனால்தான் உன் மேல் எனக்கு இன்னும் கோபம்.

முதல் தடவை நான் வந்ததில் எந்தக் குறையும் சொல்லமாட்டேன். உன் மூத்தவன் அஜ்ஜு பிறந்து இருபத்திரண்டு நாள். விசாவில் டூரிஸ்ட் என்று போட்டிருந்தார்கள். நான் பார்த்த டூர் என்ன என்று உனக்கே தெரியும். அடுப்படி, குளியலறை, துணி துவைக்கிற மிஷின், மறுபடியும் அடுப்படி. அந்த இரும்புக் கோபுரத்தை ஒரே ஒரு தடவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மருந்து வாங்கப் போன வழியில் அது வந்தது. மீன் வறுத்தால் குளிருக்குப் போடும் கோட்டில் வாசம் ஏறுகிறது என்று ரேணுகா சொன்னாள், மூன்று மாதமும் மீனைத் தொடவில்லை. குருசுக்குப்பத்து மீன்காரி வாசலில் கூவுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான். இருந்தாலும் முகம் கோணவில்லை. தொண்ணூறு நாள் முடிந்ததும் சொன்ன தேதியில் திரும்பினேன். அப்போதே, "அத்த, இன்னும் கொஞ்சம் நாளு இருந்திருக்கலாம்" என்றாள் ரேணுகா. அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு வந்து தெருவெல்லாம் சொன்னேன்.

இரண்டாம் தடவை நீ கூப்பிட்டபோது தேவி நாலு மாதம். வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அவளை நம் வீட்டுக்கு அழைத்து வரவேண்டியவள் நான். உன்னிடம் நூறு தடவை கேட்டேன். "மூணு மாசம்மா. கரெக்டா ஏழாம் மாசத்துக்கு அங்க இருப்ப. ரிடர்ன் டிக்கெட் போட்டுத்தான் அனுப்புறேன்" என்றாய். டிக்கெட்டைக் கையில் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். கிளம்பும்போது தேவி என் கைப்பையில் ஒரு சின்னத் துணிப்பொட்டலம் வைத்தாள். வளையல் அளவுக்குக் கயிறு. அங்கே வளையல் கிடைத்தால் வாங்கி வரச் சொன்னாள். பிரான்சில் வளைகாப்பு வளையல் எங்கேடி கிடைக்கும் என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

இனிமேல் உன் பங்கு. நான் ஊர் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது, கால் வீக்கத்துக்குக் காட்டலாம் என்று டாக்டரிடம் அழைத்துப் போனாய். நின்றுகொண்டே வேலை செய்தால் யாருக்குத்தான் கால் வீங்காது? அவரிடம் நீதான் பேசினாய், நான் நாக்கை நீட்டினேன், மூச்சை இழுத்தேன். ஒரு காகிதம் தந்தார். அப்புறம் ஒரு விடியற்காலை பிரெபெக்தூர் வாசலில் குளிரில் நிற்க வைத்தாய். அங்கேதான் வெளிநாட்டுக்காரர்களின் காகிதமெல்லாம் பார்ப்பார்கள் என்றாய். "ரிடர்ன் பிளைட்டுல சீட்டு இல்லியாம்மா. அதுக்குள்ள விசா முடிஞ்சா தப்பாயிடும், அதான் நீட்டிக்கறோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாய். பெற்ற பிள்ளை சொல்கிறான் என்று போட்டேன். இரண்டு மாதம் நீட்டிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் தேவிக்குப் போன் போட்டு, "சீட்டு இல்லியாம்டி" என்றேன். "பரவால்லம்மா, நீ ஒடம்பப் பாத்துக்க" என்றாள்.

வளைகாப்பை அவள் மாமியார் பேருக்கு நடத்தினாள். எட்டாம் மாதம் வலி எடுத்தது. "தலப்பிரசவத்தப் பொறந்த வூட்டுலதான் பாக்கணும். இங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா எங்க தலையில வுழும்" என்று அந்த அம்மாள், முத்தியால்பேட்டையில் நம் சொந்தக்காரர் யாராவது வந்து கூட்டிப் போகட்டும் என்று காலையிலிருந்து மத்தியானம் வரை காத்திருந்தாள். நம் வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. அழவே இல்லையாம்.

அன்று மாலையே மாப்பிள்ளை உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நீ எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினொரு நாள் சொல்லவில்லை. நான் தினமும் கேட்டேன். "நல்லா இருக்காம்மா, டவர் கெடைக்கல, அதான் பேசல" என்று தினமும் சொன்னாய். அந்தப் பதினொரு நாளுக்குள்தான் அஜ்ஜுவுக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தது. நாற்பது பேருக்கு வடை சுட்டேன், கேசரி கிண்டினேன். புதுப் புடவை கட்டச் சொன்னாய், கட்டினேன். ரேணுகா எடுத்த போட்டோவில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உன் ஹாலில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். என் மகளின் பிள்ளையைப் புதைத்து ஒரு வாரம் ஆகாத போது எடுத்த போட்டோ அது. கழற்றிப் போடு.

எனக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் ஊர்த் தமிழ்க் கடையில், வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், அவளும் வில்லியனூர்ப் பக்கம்தான், என் கையைப் பிடித்து, "கவலப்படாதீங்கக்கா, ரெண்டாவது நல்லபடியா நிக்கும்" என்றாள். எது நிற்கும் என்று கேட்டேன். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உன் சட்டையைப் பிடித்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "சொன்னா மட்டும் நீ என்னாம்மா பண்ணியிருப்ப? அழுவ. போறேன்னு நிப்ப. ரேணுகாவுக்கு வேல பர்மனென்ட் ஆவுற நேரம்." தங்கச்சியின் குழந்தை மண்ணுக்குப் போனதை உன் பெண்டாட்டியின் வேலையோடு சேர்த்துப் பேசினாய்.

ஒரு வாரத்தில் ஊர் வந்தேன். சீட்டு எப்படித் திடீரென்று கிடைத்தது என்று அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு மக்கு. நேரே தேவி வீட்டுக்குப் போனேன். பால் கட்டி, மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் திட்டவில்லை, அழவில்லை. "சீட்டு கெடச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை. நான்தான் அங்கே சொகுசு பார்த்து உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தானே செய்வாள்? அந்த டாக்டர் காகிதம் என் மாத்திரைப் பைக்குள் கிடந்தது. நம் தெருவில் இருக்கிற பழைய பிரெஞ்சு வாத்தியாரிடம், மாத்திரை எப்படிச் சாப்பிடணும் என்று கேட்கத்தான் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்களுக்கு இருதயம் ரொம்ப பலவீனம், ரெண்டு மாசத்துக்கு பிளேன்ல ஏறவே கூடாதுன்னு எழுதியிருக்கே. அப்புறம் எப்படிம்மா வந்தீங்க?" என்றார். சீட்டும் இருந்திருக்கிறது, உடம்பும் நன்றாக இருந்திருக்கிறது. என்னைப் பிடித்து வைக்க உனக்கு ஒரு வியாதி தேவைப்பட்டிருக்கிறது. அன்றைக்கே உன்னைப் போனில் கிழித்திருக்கலாம். செய்யவில்லை. காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்தேன். உனக்கு மறுபடியும் என் தேவை வரும் என்று எனக்குத் தெரியும்.

வந்தது. உனக்கு இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை, ரேணுகா வேலைக்குத் திரும்பவேண்டும், அஜ்ஜுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர ஆள் வேண்டும். நீ கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை தேவியும் மறுபடி ஆறு மாதம். அதையும் உன்னிடம் சொன்னேன். ஒரே ஒரு வாய்ப்பாவது கொடுக்கலாம் என்றுதான் சொன்னேன். "அதான் அவளுக்கு மாமியார் இருக்காங்கல்ல" என்றாய். அவ்வளவுதான், என் மனசு கல்லானது. "சரிப்பா, வரேன்" என்றேன். "மொதல்ல மூணு மாசம் வா, அப்புறம் போன தடவ மாதிரி நீட்டிச்சுக்கலாம். ஒரு வருசம் ஓடிடும்" என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். "ஆவட்டும்" என்றேன். இந்த ஒரு மாதமாக நான் உன்னிடம் பேசியதெல்லாம் பொய். ஊறுகாய் என்ன வேணும் என்று கேட்டது பொய், குளிருக்குக் காலுறை வாங்கினேன் என்றது பொய்.

உன் அழைப்புக் காகிதம் கையில் வந்த அன்றே போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன். எதற்கு என்று சொல்கிறேன் கேள். போன வியாழக்கிழமை ரேணுகா கூப்பிட்டாள். "அத்த, பாப்பாவுக்கு கிரெஷ்ல எடம் கெடச்சிருந்துச்சில்ல, அத வேணாம்னு எழுதிக் குடுத்துட்டோம். வயித்துல இருக்கும்போதே எழுதிப் போட்டு வாங்குனது. நீங்கதான் வரீங்களே" என்றாள். "நல்லதும்மா" என்றேன். அந்தக் குழந்தைகள் காப்பகத்து இடம் உங்கள் கையைவிட்டுப் போகட்டும் என்றுதான் காத்திருந்தேன். மறுநாள் காலையில் விசா ஆபீசில் முதல் ஆளாக நின்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது நம் ஊர்ப் பெண், சின்ன வயசு. "எதுக்கும்மா போறீங்க?" என்று கேட்டாள். "புள்ள வளக்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "பேரப்புள்ளைங்களோட கொஞ்ச நாள் இருந்துட்டு, ஊரச் சுத்திப் பாத்துட்டு வருவீங்க. அப்படித்தானம்மா?" என்று பதிலையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெண். "இல்ல கண்ணு. சோறாக்க, துணி தோய்க்க, புள்ளைக்கு ஆயி கழுவ. மூணு மாசம்னு எழுதியிருக்கு, ஆனா ஒரு வருசம் வச்சிக்கப் போறதா எம்மவன் சொல்லியிருக்கான். போன தடவையும் இப்படித்தான் நீட்டுனான்" என்று சொல்லி, பீரோவில் இருந்த காகிதத்தைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். "இந்த நோவு எனக்கு எப்பவும் இருந்ததில்ல. இத வச்சித்தான் நீட்டுனாங்க." அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, நீங்க சொன்னா நான் எழுதித்தான் ஆவணும். எழுதிட்டா அவ்வளவுதான். வூட்டுக்குப் போயி நல்லா யோசிச்சிட்டு அடுத்த வாரம் வாங்களேன்." யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், எழுது என்றேன். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். "இனிமே எப்ப கேட்டாலும் கஷ்டம், அது அம்மாவுக்குப் புரியுதான்னு கேக்குறாங்க" என்றாள் அந்தப் பெண். "அதுக்குத்தான் வந்தேன்னு சொல்லு" என்றேன். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. அழைத்தவர் பெயர், விலாசம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். அடுத்த கோடைக்கு ரேணுகாவின் சித்தியை நீ கூப்பிடப் போவதாகச் சொன்னாயே, உன் மேரியில் இனி நிறையக் கேள்வி கேட்பார்கள். தயாராகப் போ.

வெளியே வந்து பஸ் பிடித்து வில்லியனூர் போனேன். தேவியின் மாமியாரிடம், பிரசவத்துக்கு என் மகளை அழைத்துப் போகிறேன் என்றேன். "இந்தத் தடவையாச்சும் வூட்டுல இருப்பீங்களா?" என்று குத்தினாள். குத்தட்டும், அவள் கணக்கை வேறொரு நாள் பார்த்துக்கொள்கிறேன். தேவி இப்போது இங்கேதான், முன்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். டாக்டர் காகிதத்தைப் பற்றியும் அப்போதுதான் சொன்னேன். கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாதம்மா. ஒன் ஆத்திரத்துக்குப் பண்ணியிருக்க" என்றாள். உண்மைதான். அவளுக்காக என்றால், வரமாட்டேன் என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். கிரெஷ் இடம் போகட்டும் என்று காத்திருந்தது எனக்காக. எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். வெட்கமாக இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி கொஞ்சம்தான். சோறு வடிக்கக் கற்றுக்கொள். நாலு நாள் லீவ் எடுத்து உன் பிள்ளையை நீ குளிப்பாட்டு, அதன் உடம்பு என்ன கனம் என்று தெரியும். ரேணுகாவைத் திட்டாதே. அவள் கேட்டாள், பொய்யைச் செய்தவன் நீ. தங்கச்சிக்கு நீயே போன் போட்டுப் பேசு. அவள் பேசமாட்டாள், அப்போதும் போடு. அவள் வைத்துவிட்டால் மறுநாளும் போடு. நான் நடுவில் வரமாட்டேன்.

இன்று காலை நீ பேசி முடித்ததும் அஜ்ஜு போனைப் பிடுங்கி, "ஆயா, எப்ப வர? எம் பெட்டுல ஒனக்கு எடம் வச்சிருக்கேன்" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். நாலு வயது, நான் சோறூட்டி வளர்ந்தவன், இனி அவன் வந்தால்தான் நான் அவனைப் பார்க்க முடியும். உனக்கு வைத்த சூடு அவன் மேலும் பட்டிருக்கிறது, எனக்கும் பட்டிருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் நீ கேட்பாய், எனக்குத் தெரியும்: குழந்தை என்னம்மா பாவம் பண்ணிச்சு? ஒன்றும் பண்ணவில்லைப்பா. தேவியின் குழந்தையும் ஒன்றும் பண்ணவில்லை.

உன் அம்மா